மஞ்சள் என்று எழுதி விற்ற நாயுண்ணி

போன சனிக்கிழமை மனைவியோடு பூக்கன்று வாங்கப் போனேன். அவவுக்கு பல்கணியில் வைக்க ஏதோ வேணுமாம். நான் வண்டில் தள்ளுகிற ஆள் மட்டும்தான். கடைக்கு நடுவில் ஒரு நீள மேசை. அதில் ஒரு கன்று 4 யூரோ 99 சதம் என்று விலை ஒட்டி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தது என்ன தெரியுமோ? நாயுண்ணி!

ஓம், அதே நாயுண்ணிதான். 1990இல் யாழ்தேவி நின்றதற்குப் பிறகு எங்கட ஊர்த் தண்டவாளக் கரை முழுக்க மண்டிக் கிடந்த சாமான். கறுத்தப் பழத்தைத் தின்றுவிட்டு நாக்கைக் காட்டி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறோம். ஆடு கூடத் திரும்பிப் பாராத அந்தப் பற்றைக்கு இங்கே சட்டி, பசளை, பெயர்ப்பலகை, பராமரிப்புக் குறிப்பு எல்லாம் இருக்கிறது. ஜேர்மன்காரர் இதற்கு வான்டல்ரோஸ்ஷென் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாறுகிற சின்ன ரோசா என்று சொல்லலாம். இந்தப் பெயரை வைத்தவன் செடியை ஒழுங்காகப் பார்த்திருக்கிறான்.

மனைவி ஒரு கன்றைத் தூக்கினா. பெயர்ப்பலகையில் 'மஞ்சள்' என்று எழுதியிருந்தது. நான் குனிந்து பார்த்துவிட்டு, "இது மஞ்சள் இல்லை, மூண்டு நாள் பொறுத்துப் பாரும்" என்றேன். "உங்களுக்குப் பூக்கண்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டா. இருபது வருசத்துக்கு மேலாக ஒன்றாக இருந்தும் நான் சொல்லாத கதைகள் கொஞ்சம் இருக்கின்றன. அதில் ஒன்று சத்வாக் கதை. அவவுக்குச் சொல்வதற்கு முதல் இங்கே எழுதிவிடுகிறேன், பிறகு வாசித்துவிட்டுத் திட்டட்டும்.

டுபாய்க்குப் போய் வந்த ஆட்களுக்கு சத்வா தெரியும். ஜுமைரா வில்லாக்களுக்குப் பின்னால், ஷேக் சாயித் ரோட்டுக் கோபுரங்களுக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் குள்ளமான இடம். தையல்கடைகள், பாகிஸ்தான்காரரின் ரொட்டிக்கடைகள், பிலிப்பீனோக்களின் சலூன்கள், ஒரு அறைக்குள் எட்டுப் பேர் படுக்கிற பழைய வில்லாக்கள். 2008இல் ஜுமைரா கார்டன் சிட்டி என்று பெரிய திட்டம் ஒன்றை அறிவித்து, அந்தப் பழைய வீடுகளில் கன வீட்டை இடித்துப் போட்டார்கள். நான் சொல்வது அதற்கு முந்திய சத்வா.

அங்கே ஹுதைபா தெரு என்று ஒன்று. ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, பிளான்ட் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்வார்கள். தெரு நீளத்துக்குப் பூக்கன்றுக் கடைகள், மண்சட்டிக் கடைகள், இடையிடையே கிளியும் மீனும் பூனைக்குட்டியும் விற்கிற கடைகள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, வன்னியில் கொஞ்சக் காலம், கொழும்பில் ஒரு லொட்ஜில் கொஞ்சக் காலம் என்று கிடந்து, ஒரு ஏஜென்சிக்காரன் தந்த விசாவில் 1996இல் நான் வந்து இறங்கியது அந்தத் தெருவில்தான். விசாவில் 'தோட்டக்காரன்' என்று அரபியில் எழுதியிருந்தது. நான் ஏஎல் கணிதம் படித்தவன். வாழைக்குத் தண்ணி மாறினதைத் தவிர வேறு தோட்ட வேலை தெரியாது.

கடை ஒரு மலையாளத்து இக்காவின் கையில் இருந்தது. அர்பாப்பை நான் மூன்று வருசத்தில் இரண்டு தரம்தான் கண்டேன். சம்பளம் 550 திர்ஹம். இந்திய பாஸ்போட் என்றால் 600. அதே வேலை, அதே வெயில், அதே எருப்பை. பாஸ்போட்டின் நிறத்தைப் பார்த்துச் சம்பளம் போடுவது அங்கே எழுதாத சட்டம். அதை ஒருவரும் பெரிதாகக் கதைப்பதில்லை. 'கல்லிவல்லி' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

எனக்கு வேலை பழக்கியவரைக் கூடலூர் அண்ணை என்று சொல்லுவோம். நீலகிரிக் கூடலூர். ஆனால் பிறந்தது அங்கேயல்ல, மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் இருந்து கையெழுத்துப் போட்டார்களே, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று! (1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி பாதியாகப் பிரித்து எடுத்தார்கள்.) அந்த 525,000க்குள் இவருடைய குடும்பம் விழுந்தது. எழுபதுகளின் நடுவில், பத்து வயதுப் பெடியனாக, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் இன்னொரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். "அங்கிட்டு எங்களை இந்தியாக்காரன்னாங்க தம்பி. கூடலூர்ல வந்து எறங்குனா சிலோன்காரன்னாங்க. பேரு மட்டுந்தான் மாறுச்சு, கொழுந்துக்கூடை அதேதான்" என்று சிரிப்பார். சிரிக்கும்போது கண் சிரிக்காது.

அவரிடமிருந்துதான் நாயுண்ணியின் பெயர்களைப் பழகினேன். தமிழ்நாட்டில் உண்ணிச்செடி. சிங்களத்தில் கந்தப்பான, அதாவது நாற்றத்தை வைத்துப் பெயர். இக்காவுக்கு அது கொங்ஙிணி. தண்ணி விடுகிற பீகார்ப் பெடியனுக்கு ராய்முனியா. விலைப்பட்டியலில் லன்டானா. ஒரே கடைக்குள் ஒரு செடிக்கு ஐந்து பெயர்.

சரி, பிழை விட்ட கதைக்கு வருகிறேன். கல்ஃபில் நடுகைக்காலம் வெயில் தணிந்த பிறகுதான், ஒக்டோபர் நவம்பரில். அந்த வருச நவம்பரில் ஜுமைராவில் ஒரு வில்லாவுக்கு வேலியோரம் நட இருநூறு மஞ்சள் லன்டானா கேட்டிருந்தார்கள். சுத்த மஞ்சள், வேறு நிறம் கலக்கக் கூடாது. இக்கா என்னைப் பிரித்து எடுக்கச் சொன்னார். விடிய ஐந்து மணிக்கு டோர்ச் லைட்டோடு போய் ஒவ்வொரு சட்டியாகப் பார்த்தேன். மஞ்சள் பூ இருந்ததை இந்தப் பக்கம், சிவப்பு இருந்ததை அந்தப் பக்கம், இரண்டும் கலந்ததை நடுவில். மூன்று குவியல். கணிதம் படித்தவன் அல்லோ! இருநூறையும் எண்ணி, மட்டையில் 'எல்லோ' என்று எழுதிக் குத்தி, பிக்கப்பில் ஏற்றி அனுப்பினேன்.

அடுத்த கிழமை அந்த வீட்டு அம்மா போன் எடுத்துக் கத்தினா. வேலியில் பாதி சிவப்பாம்.

நாயுண்ணிப் பூவை ஒருக்கா உற்றுப் பாருங்கள். ஒரு பூ என்று நாங்கள் நினைப்பது இருபது முப்பது சின்னப் பூக்களின் கூட்டம். வெளி வட்டம் முதலில் விரியும், நடுப்பகுதி கடைசியாக. விரியும்போது மஞ்சள். பிறகு செம்மஞ்சள், பிறகு சிவப்போ ஊதாவோ. அதனால் வெளியே சிவப்பும் உள்ளே மஞ்சளுமாகத் தெரியும். நான் 'மஞ்சள்' குவியலில் போட்டதில் பாதி, அன்று காலையில்தான் புதிதாக விரிந்த பூக்கள். 'சிவப்பு' என்று தள்ளினது அதே சாதியின் பழைய பூக்கள். ஒரே தாய்ச்செடியின் இரண்டு கொப்பை வெட்டி நட்ட சட்டிகளைக் கூட இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறேன்!

பிரேசிலில் இருந்த ஃபிரிட்ஸ் முல்லர் என்கிற ஜேர்மன்காரர் 1877இலேயே இதை எழுதியிருக்கிறார் என்று பிறகு வாசித்தேன். அவர் பார்த்த லன்டானாப் பூ மூன்று நாள் நின்றதாம். முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் செம்மஞ்சள், மூன்றாம் நாள் ஊதா. வண்ணத்துப்பூச்சிகள் ஊதாவைத் தொடுவதில்லை, சில பூச்சிகள் முதல் நாள் மஞ்சளுக்கு மட்டும்தான் வாய் வைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எச்.வை. மோகன்ராமும் கீதா மாத்தூரும் 1984இல் இன்னும் ஒரு படி போனார்கள். மகரந்தம் வந்து சேருவதுதான் அந்த நிறமாற்றத்தைத் தொடக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். கிட்டத்தட்ட 'இங்கே அலுவல் முடிஞ்சுது, அடுத்த ஆளைப் பார்' என்று கதவில் பலகை தொங்கவிடுகிற மாதிரி.

இதையெல்லாம் வாசிக்காத கூடலூர் அண்ணை எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "புதுப்பூவைப் பாக்காதீங்க தம்பி. ஓரத்துல இருக்கிற கெழட்டுப் பூவைப் பாருங்க. அது பொய் சொல்லாது. பொறகு தண்டைத் தடவிப் பாருங்க, முள்ளு இருக்கா, சொணை இருக்கா. எலையைக் கசக்கி மோந்து பாருங்க." மலையில் மாடு மேய்த்த ஆள் அவர். எந்தச் செடியைத் தின்றால் மாட்டுக்குத் தோல் வெடித்து வெயிலில் நிற்க முடியாமல் போகும் என்று பார்த்துப் பழகியவர். அவுஸ்திரேலியாவிலும் இந்தக் கணக்கு இருந்திருக்கிறது. அங்கே சிவப்புப் பூ வகைகளைத்தான் மாட்டுக்குக் கூடின நஞ்சு என்று பயப்படுவார்கள். வெள்ளையும் இளஞ்சிவப்பும் நல்லது என்று நம்பியும் விடக் கூடாதாம்.

இக்கா வந்து யார் பிரித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதலே அண்ணை "நான்தான் ஏத்திவிட்டேன்" என்றார். அந்த மாதம் அவருடைய 600இல் 150ஐ வெட்டினார்கள். எனக்குக் கடன் இருந்தது அவருக்குத் தெரியும். ஏஜென்சிக்காரனுக்கு வட்டிக்கு எடுத்த காசு. அன்று பின்னேரம் ரொட்டிக்கடையில் தேத்தண்ணிக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.

இனி எழுத வேண்டியது எனக்குச் சந்தோசமான பகுதி இல்லை.

எங்கட அறையில் எட்டுப் பேர். யாழ்ப்பாணம் ஐந்து, மட்டக்களப்பு ஒன்று, ராமநாதபுரம் ஒன்று, கூடலூர் அண்ணை. அந்தச் சம்பவம் நடந்து இரண்டு கிழமை இருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை. வடமராட்சியில் இருந்து புதிதாக ஒரு பெடியன் வந்திருந்தான். கட்டில் ஒதுக்குகிற நேரம், கீழ்க் கட்டிலில் கிடந்த சாரத்தைக் காட்டி "இது ஆர்ர?" என்று கேட்டான். மற்ற எல்லாரும் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள், அண்ணையோடு வேலை செய்கிறவன் நான் என்றபடியால்.

"அது ஒரு தோட்டக்காட்டான். எங்கட ஆள் இல்லை" என்றேன்.

அந்தச் சொல்லை வெளியூர் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மலையகத்துச் சனத்தைப் பற்றி எங்கட வீடுகளில் புழங்கின சொல். வீட்டு வேலைக்கு என்று கொண்டுவந்து வைத்திருந்த மலைநாட்டுப் பிள்ளையைப் பார்த்து எங்கட பெரியவர்கள் சொன்ன சொல். நான் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. புதிதாக வந்தவனுக்கு முன்னால் ஊர்க்காரன் மாதிரி இருக்கவேணும் என்று சொன்னேன். அதுதான் இன்னும் மோசம்.

அண்ணை வெளியே குழாயடியில் சேட்டுத் தோய்த்துக்கொண்டு நின்றார். யன்னலுக்கு ஏசி பூட்டின இடத்தில் பாதிக்கு மட்டைதான் அடித்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் விடிய வழமை போலத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஆனால் "தம்பி" என்று கூப்பிடவில்லை. "யாழ்ப்பாணம், இந்தா டீ" என்றார். அன்றிலிருந்து நான் சத்வாவை விட்டு வெளிக்கிட்ட 1999 வரைக்கும் நான் அவருக்கு 'யாழ்ப்பாணம்'தான். வேலை சொல்லித் தந்தார், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தார். தம்பி என்ற சொல் மட்டும் திரும்பி வரவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குக் கேட்டது எனக்குத் தெரியும் என்றாகிவிடுமே என்று ஒரு மொக்குத்தனமான கணக்கு.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு, அகதிமுகாம் நகரத்தில் ஒரு நூலகம் இருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லாத காலம், மொழியும் தெரியாது. படம் பார்க்கத் தாவரப் புத்தகங்களை எடுப்பேன். அப்படித் தொடங்கின பழக்கம் இன்று வரை விடவில்லை. நாயுண்ணியைப் பற்றி நான் வாசித்ததில் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. நான் டோர்ச் லைட்டோடு விட்ட பிழையைப் பெரிய பெரிய ஆட்களும் இருநூற்றைம்பது வருசமாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

1753இல் லின்னேயஸ் லன்டானா கமாரா என்று பெயர் வைத்தார். அதே புத்தகத்தில் முள்ளுள்ளதை லன்டானா அகுலியாட்டா என்று வேறு இனமாக்கினார். பின்னால் வந்தவர்கள், இல்லை இரண்டும் ஒன்றுதான், முள்ளு ஒரு வகை மட்டும் என்று கமாராவுக்குள் இழுத்துப் போட்டார்கள். இதற்கிடையில் செடி சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் வெப்பநாடுகளில் இருந்து ஒல்லாந்துக் கப்பல்களில் ஐரோப்பாவுக்கு வந்து, பணக்காரரின் கண்ணாடி வீடுகளில் ஒன்றோடொன்று கலந்து, நூற்றுக்கணக்கான பூந்தோட்ட வகைகளாக மாறி, அந்தக் கலப்புகள்தான் திரும்பக் கப்பலேறி எங்கட பக்கம் வந்தன. கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு 1800களின் முதல் பத்தாண்டில். பேராதனைக்கு 1826இல்.

அந்த 1826ஐ வாசித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைத்தேன். பேராதனையில் இருந்து கம்பளை எட்டிப் பிடிக்கிற தூரம். கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹாப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கியதும் அதே 1820களில்தான், அந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்து சனத்தைக் கொண்டுவரத் தொடங்கியதும் அப்போதுதான். செடியும் சனமும் ஒரே மலைக்கு ஒரே பத்தாண்டில் வந்து சேர்ந்திருக்கின்றன. தாவரக்காரர் செடியைப் பற்றி 'இந்நாட்டில் இயல்பாகிவிட்டது' என்று எழுதுகிறார்கள். சனத்துக்கு 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். நூற்றுக்கு மேற்பட்ட வருசம் கழித்தும் நாடற்றவர். (அதற்கு எதிராகக் கைதூக்காத தமிழ்த் தலைவர்களின் கதையும் இருக்கிறது, இன்னொரு நாள் எழுதலாம், சண்டைக்கு ஆட்கள் வருவார்கள்.)

இலங்கைத் தாவரங்களைப் பற்றிய திருத்திய கைநூலில் நாயுண்ணிக் குடும்பத்தை எழுதியவர்கள் ஹரோல்ட் மோல்டென்கே, அல்மா மோல்டென்கே என்ற அமெரிக்கத் தம்பதி. தசநாயக்காவும் ஃபொஸ்பேர்க்கும் பதிப்பித்த நான்காம் தொகுதி. மோல்டென்கே வாழ்க்கை முழுக்க அந்தக் குடும்பத்துச் செடிகளையே பிரித்துப் பிரித்துப் பெயர் வைத்தவர். முள்ளுக்கு ஒரு வகை, மயிருக்கு ஒரு வகை, பூ நிறத்துக்கு ஒரு வடிவம். அந்தத் தொகுதி வெளிவந்த ஆண்டு 1983. அந்த வருச ஜூலையில் கொழும்புத் தெருக்களில் எங்களை எப்படிப் பிரித்துப் பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வாளிக்கு என்ன பெயர், இதை வாசி, அதைச் சொல் என்று கேட்டுத்தான். மோல்டென்கே பாவம், அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு மனம் அப்படிப் போகிறது, என்ன செய்ய.

பிறகு வந்தவர்கள் மோல்டென்கேயின் பெயர்களில் கனத்தை அழித்துவிட்டார்கள். அவுஸ்திரேலியாவில் சிமித் என்ற பெயருள்ள இரண்டு பேர் 1982இல் அங்கே காடேறின நாயுண்ணியை 29 வகைகளாகப் பிரித்து, பூ நிறப்படி அடுக்கினார்கள். அதற்கு ஒரு அவசரக் காரணம் இருந்தது. 1914இல் தொடங்கி முப்பதளவில் பூச்சி வகைகளைக் கொண்டுவந்து இந்தச் செடிக்கு எதிராக ஏவி விட்டவர்கள் அவர்கள். சில பூச்சிகள் ஒரு நிறத்தைத் தின்னும், பக்கத்தில் நிற்கிற மற்ற நிறத்தைத் திரும்பியும் பாராது. எது எதென்று தெரியாமல் பூச்சி விட்டுப் பிரயோசனம் இல்லை. செடியின் நிறமூர்த்தங்களை எண்ணினவர்களுக்கும் தலை சுற்றியிருக்கும்: 22, 33, 44, 55, 66 என்று ஐந்து கணக்கில் கிடைத்திருக்கிறது. 2006இல் டெக்சாசில் ரொஜர் சான்டேர்ஸ் ஒரே போடாகப் போட்டார். உலகம் முழுக்கக் களையாகத் திரிகிற இந்தச் செடி அசல் கமாராவே கிடையாது, அது தோட்டக் கலப்பு, அதற்கு லன்டானா ஸ்ட்ரைகோகமாரா என்று வேறு பெயர் வேணும் என்றார். சிலர் ஏற்றார்கள். கனபேர் பழைய பெயரையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். செடி அதைக் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. இந்தியாவில் புலிக்காடுகளில் மட்டும் ஒன்றரை இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேலே பரவியிருக்கிறதாம். கூடலூர், முதுமலை எல்லாம் அதற்குள் வரும்.

இனி என்னைப் பிரித்த கதை.

1999இல் சத்வாவில் இருந்து எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்பதை எழுத மாட்டேன், அதில் வேறு ஆட்களும் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். வந்து அகதி விண்ணப்பம் போட்டேன். விசாரணையில் என் பேச்சை ஒரு கசெட்டில் பதிந்தார்கள். மொழியைப் பார்த்து ஆள் எந்த ஊர் என்று கண்டுபிடிக்கிற ஒரு முறை அப்போது ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். அவருக்கு விளங்கவேணும் என்று நானும் "வாங்க, இல்லீங்க" என்றுதான் கதைத்தேன். உண்மையைச் சொன்னால், விளங்கவேணும் என்று மட்டுமில்லை. மூன்று வருசம் நாள் முழுக்கக் கூடலூர் அண்ணையோடு சட்டி தூக்கினதில் என்ர வாய் அப்படித்தான் பழகிப் போயிருந்தது.

ஆறு மாதம் கழித்து முடிவு வந்தது. நிராகரிப்பு. மொழி அறிக்கையை வழக்கறிஞர் வாசித்துச் சொன்னார். விண்ணப்பதாரரின் பேச்சு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருடையதாகத் தெரியவில்லை, தென்னிந்தியராகவோ இலங்கை மலையகத்தைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம் என்று எழுதியிருந்தது.

அன்று காலையில் விரிந்த பூவைப் பார்த்து எழுதிவிட்டார்கள்!

மேல்முறையீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேணும். வழக்கறிஞர் நல்ல மனிசி. மலையகத்தோடு எந்த உறவும் இல்லை என்று அழுத்தமாக எழுதுங்கள், அங்கே பிரச்சினை இல்லை என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள் என்றா. எழுதினேன். 'எனக்கும் மலையகத் தமிழருக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது' என்று. கீழே கையெழுத்துப் போட்டேன். சத்வா அறையில் வாயால் சொன்னதை இந்தத் தரம் எழுத்தில், மூன்று பிரதியில்.

இரண்டாவது விசாரணைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் எங்கட பக்கத்து அம்மா ஒராள். அதிகாரி வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நான் வேலியைச் சொன்னேன். கிளுவை, பூவரசு, இடையில் செவ்வரத்தை. கதியால் நடுகிற காலம், வேலியில் இருந்த பொட்டு, பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டுக்குப் போற கதை, படலை, படலையடியில் நின்ற அலரி. 'கதியால்' என்று சொன்னதும் அந்த அம்மா தன்னை அறியாமல் சிரித்துவிட்டா. பிறகு அதிகாரிக்கு அதை விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுத்தது. 2001இல் எனக்கு அனுமதி கிடைத்தது. ஒரு வேலித்தடி தந்த வாழ்வு என்று நண்பர்கள் பகிடி பண்ணுவார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி நான் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அண்மைக்காலத்தில் வாசித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இருக்கிற தேசிய உயிரியல் அறிவியல் மையத்து ஆட்கள் இந்தியா முழுக்க இருந்து நாயுண்ணி எடுத்து மரபணுவைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஊர்ச் செடிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். அப்படி இல்லையாம். தூரத்தை விட, பூ நிறப்படிதான் கூட்டம் பிரிந்திருக்கிறது. ஒரே காட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு நிறச் செடிகளை விட, எங்கேயோ தூரத்தில் நிற்கிற அதே நிறச் செடி கூடச் சொந்தம். காரணம், செடி தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக் காய்த்துவிடுகிறது. பூச்சி வந்தாலும் வராவிட்டாலும் தன்பாட்டில். அப்படியே தலைமுறை தலைமுறையாக, கொப்போடு கொப்பு முட்டி நின்றுகொண்டு, கலக்காமல்.

எட்டுக் கட்டில் போட்ட அறை ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது.

2019இல் ஊருக்குப் போய்த் திரும்பும்போது டுபாயில் ஒன்பது மணித்தியாலம் காத்திருப்பு. டக்சி பிடித்து சத்வாவுக்குப் போனேன். நாங்கள் இருந்த வில்லா இல்லை, அந்த இடம் வெறும் மணல். கடை இருந்த இடத்தில் வேறு கடை. பக்கத்தில் ஒரு பூக்கன்றுக் கடையில் பங்களாதேஷ் பெடியன் ஒருவன் குழாயால் தண்ணி அடித்துக்கொண்டு நின்றான். அந்த மண்ணில் தண்ணிக் குழாயை ஒரு கோடை நிறுத்தினால் நாயுண்ணி கூடத் தப்பாது. கூடலூரில் இருந்து வந்த, வயதான, மெலிந்த ஒருவர் என்று கேட்டுப் பார்த்தேன். கூடலூர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம் என்று யோசித்தபோதுதான் உறைத்தது, மூன்று வருசத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை. எனக்கு அவர் 'கூடலூர் அண்ணை', அவ்வளவுதான். பத்தாக்காவில் இருந்திருக்கும். நான் எடுத்துப் பார்த்ததில்லை.

கறுத்தப் பிளாஸ்டிக் சட்டியில் கொஞ்ச லன்டானா இருந்தது. ஒன்றைத் தூக்கி ஓரத்துப் பூவைப் பார்த்தேன். கிழட்டுப் பூவும் மஞ்சள்தான். தண்டைத் தடவினேன், முள் அவ்வளவாக இல்லை. இலையைக் கசக்கி மணந்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பெடியன் "பத்து திர்ஹம் சார்" என்றான்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் பல்கணிக் கதவைத் திறந்த மனைவி என்னைக் கூப்பிட்டா. சனிக்கிழமை வாங்கின கன்றில் வெளி வட்டம் செம்மஞ்சளாகியிருக்கிறது, ஒன்றிரண்டு பூ நல்ல சிவப்பு. "கடைக்காரன் ஏமாத்திப் போட்டான், பில் எங்க?" என்று தேடிக்கொண்டிருக்கிறா. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டா.

தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாரும், சொல்லுறன் என்றிருக்கிறேன்.